பழைய வாகனத்துக்குப் புகைச் சான்றிதழும் லைசனும்: கொழும்புக்குப் புதியவர்களுக்கு

பழைய வாகனத்தில் எஞ்சினை விட அதிகம் புகைவது அதன் புத்தகம்தான். கொழும்பில் முதல் தடவை பழைய கார் வாங்குகிறவர்கள் பொனட்டைத் திறந்து பார்ப்பார்கள், கதவைத் தட்டிப் பார்ப்பார்கள், ரயரை உதைத்துப் பார்ப்பார்கள். புத்தகம் என்று சொல்கிற பதிவுச் சான்றிதழை மட்டும் சும்மா புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பெயர் மாற்றப் போகிற நாளில்தான் எஞ்சின் நம்பர் வேறு, சொந்தக்காரர் வேறு, எப்போதோ கட்டி முடித்த லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் அதில் இருக்கிறது என்பதெல்லாம் வெளியே வரும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனை வாகனங்கள் மறுபடி வரத் தொடங்க 2025 பெப்ரவரி ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் ஓடாமல் கிடந்த சன்னி, பழைய கொரொல்லா, மாருதி, டொல்பின் வான் எல்லாம் திரும்ப ரோட்டுக்கு வந்தன. கைமாறின, விலையும் ஏறியது. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ மலையகத்திலிருந்தோ கொழும்புக்கு வேலைக்கு வருகிற ஒருவருக்கு இன்றைக்கும் கைக்கு எட்டுவது அந்த வாகனங்கள்தான். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வரிசை முக்கியம். முதலில் புத்தகம், அப்புறம் பெயர் மாற்றம், அப்புறம் எஞ்சின், புகைப் பரிசோதனை, காப்புறுதி, கடைசியாக வருமான அனுமதிப்பத்திரம். இந்தக் கடைசிப் பத்திரத்தைத்தான் எல்லோரும் லைசன் என்கிறார்கள். சாரதி லைசனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது வாகனத்துக்கு வருடா வருடம் எடுப்பது, முன் கண்ணாடியில் ஒட்டுவது. வரிசையைத் தலைகீழாக்கி, பரிசோதனையை முதலில் முடித்துவிட்டுப் புத்தகத்தைப் பார்ப்போம் என்று இறங்கினால் செலவழித்த காசு வீணாகலாம்.

புத்தகத்தில் என்ன பார்க்க வேண்டும்

மூலப் பிரதியைக் கேளுங்கள். போட்டோக் கொப்பி போதாது. "மூலம் வீட்டில் இருக்கு, வாங்கிற நாளில் தாறன்" என்று சொன்னால், அந்த நாளிலேயே மற்றதைப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

செசி (அடிச்சட்டம்) நம்பரையும் எஞ்சின் நம்பரையும் வாகனத்தில் உள்ளதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். செசி நம்பர் துருவோடு மூடியிருந்தால் துணியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் போட்டுத் துடைத்தால் தெரியும். எஞ்சின் நம்பர்தான் அடிக்கடி மாட்டிவிடும். முப்பது வருடத்துக்கு மேல் ஓடிய வாகனத்தில் பிறந்த எஞ்சின் இருப்பது அபூர்வம். மொரிஸ் மைனருக்குள் டட்சன் எஞ்சின், பெற்றோல் வானுக்குள் டீசல் எஞ்சின் என்று இந்த நாட்டில் எல்லாம் நடந்திருக்கிறது. எஞ்சின் மாற்றுவது குற்றமில்லை. மாற்றியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமல் விடுவதுதான் பிரச்சினை. எரிபொருள் வகையே மாறியிருந்தால் சிக்கல் இரட்டிப்பு. புத்தகத்தில் பெற்றோல் என்று இருக்கும், பரிசோதனை நிலையத்தில் நிற்பது டீசல் வாகனமாக இருக்கும். இரண்டுக்கும் பரிசோதனை முறையே வேறு. அப்படியொன்றைக் கண்டால், திணைக்களத்தில் சரிசெய்து புத்தகத்தில் ஏற்றித் தரும் வேலையை விற்பவரிடமே விடுங்கள். விலையைக் குறைத்துத் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். அந்த வேலையை முடிக்க எவ்வளவு போகும் என்று முன்கூட்டிச் சொல்ல ஆளில்லை.

நிறமும் அப்படித்தான். வெள்ளைக் கார் சிவப்பாகியிருந்தால் புத்தகத்திலும் சிவப்பாகியிருக்க வேண்டும். ரோட்டில் மறிக்கிற பொலிஸ்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அடுத்து முழு உரிமையாளர் என்ற இடம். லீசிங்கில் வாங்கிய வாகனத்துக்கு அங்கே வங்கியின் அல்லது நிதிக் கம்பனியின் பெயர் இருக்கும். பதினைந்து வருடத்துக்கு முன்னால் கட்டி முடித்த லீசிங்காக இருந்தாலும், கம்பனியிடம் கடிதம் எடுத்துத் திணைக்களத்தில் கொடுத்து நீக்கினால்தான் அந்தப் பெயர் போகும். பலர் கட்டி முடித்த சந்தோஷத்தில் அதை மறந்துவிடுகிறார்கள். கம்பனி வேறொன்றோடு இணைந்திருந்தால் யாரிடம் கடிதம் கேட்பது என்று அலைய வேண்டிவரும். அதையும் விற்பவர்தான் அலைய வேண்டும், நீங்கள் அல்ல.

சந்தேகமாக இருந்தால், கட்டணம் கட்டித் திணைக்களத்திலிருந்தே வாகனத்தின் பதிவு விபரத்தை எடுக்கலாம். கையில் காட்டுகிற புத்தகமும் திணைக்களத்தின் பதிவும் ஒன்றா என்பது அதில் தெரிந்துவிடும். வாகனத்தின் விலையோடு பார்த்தால் அந்தக் கட்டணம் ஒன்றுமேயில்லை. இதைச் செய்யாமல் பழைய வாகனம் வாங்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

நம்பர் தகட்டைப் பார்த்தே வாகனத்தின் வயதை ஓரளவு சொல்லலாம். சிங்கள ஸ்ரீ எழுத்துத் தகடுகள் மிகப் பழையவை. 1957இல் அந்த எழுத்து வந்தபோது வடக்கில் நடந்த எதிர்ப்பும் அதைத் தொடர்ந்து வந்தவையும் நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இன்று பழைய கார் பிரியர்கள் அதே தகட்டுக்கென்றே விலை கூட்டிக் கேட்கிறார்கள். அதற்குப் பிறகு நடுவில் கோடு போட்ட எண் தகடுகள், 2000 அளவில் ஆங்கில எழுத்துத் தகடுகள். ஆனால் தகடு சொல்வது இங்கே பதிந்த காலத்தை மட்டும்தான். ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த வாகனம் அங்கே சில வருடம் ஓடியிருக்கும். உற்பத்தி வருடத்தைப் புத்தகத்தில் தனியாகப் பாருங்கள்.

ஓபன் பேப்பர் என்ற வியாதி

வாகனம் விற்கும்போது விற்பவர் எம்டிஏ 6 என்ற படிவத்திலும், வாங்குபவர் எம்டிஏ 8 என்ற படிவத்திலும் ஒப்பமிட்டுத் திணைக்களத்துக்குக் கொடுக்க வேண்டும். வாங்கியவர் 14 நாட்களுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். நடப்பது வேறு. விற்பவர் எம்டிஏ 6இல் ஒப்பமிட்டு, வாங்குபவரின் பெயரை வெறுமையாக விட்டுக் கொடுத்துவிடுவார். அந்தத் தாளோடு வாகனம் ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம், அவரிடமிருந்து வேறொருவரிடம் என்று போய்க்கொண்டே இருக்கும். திணைக்களத்தைப் பொறுத்தவரை அது இன்னும் முதல் ஆளுடையதுதான். இதைத்தான் ஓபன் பேப்பர் என்கிறார்கள்.

இது ஏன் இவ்வளவு பரவியிருக்கிறது என்றால், பெயர் மாற்றாமலே வருடாந்த லைசன் எடுக்க முடிகிறது. காப்புறுதியும் புகைச் சான்றிதழும் இருந்தால் அங்கே வேலை நடந்துவிடும். ஆகவே வருடக்கணக்கில் யாருக்கும் உறைப்பதில்லை. 2022இல் எரிபொருளை வாகனப் பதிவின்படி பங்கிடும் கியூஆர் முறை வந்தபோதுதான் பலருக்கு உறைத்தது. முந்தைய சொந்தக்காரர் ஏற்கெனவே பதிந்துவிட்ட வாகனத்தோடு பெற்றோல் செட்டில் நின்றவர்கள் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் விழித்தார்கள். விபத்தோ, வழக்கோ, களவோ நடந்தாலும் அதே நிலைதான். விற்ற ஆளுக்கும் ஆபத்து உண்டு. அவர் எப்போதோ விற்ற வாகனம் எங்காவது ஆளை இடித்தால் பொலிஸ் போய் நிற்பது அவருடைய வாசலில்.

ஓபன் பேப்பர் வாகனம் வாங்கவே கூடாது என்று சொல்வது சுலபம். மலிவான வாகனங்களில் நிறைய அப்படி இருக்கும்போது அது நடைமுறைக்கு உதவாது. இப்படிச் செய்யுங்கள்: புத்தகத்தில் உள்ள ஆள் உயிரோடு இருக்கிறாரா, நாட்டில் இருக்கிறாரா, தொலைபேசியில் பேச முடியுமா என்று பாருங்கள். பேச முடிந்தால் அவருடைய அடையாள அட்டைப் பிரதியும், எம்டிஏ 6இல் உள்ளது அவருடைய ஒப்பம்தான் என்ற உறுதியும் வேண்டும். அவர் கனடாவிலோ லண்டனிலோ இருந்தால் இன்னும் யோசியுங்கள். நம்மவர் வாகனங்களில் இது அடிக்கடி வரும். அவர் இறந்துவிட்டிருந்தால் மரணச் சான்றிதழ், வாரிசுகளின் சம்மதம் என்று ஒரு நீண்ட பாதை இருக்கிறது. அந்தப் பாதையை அவருடைய குடும்பம் நடந்து முடித்த பிறகு வாங்குங்கள். அதற்கு முன்னால் வாங்குவது வாகனம் அல்ல, வழக்கு.

நாரஹேன்பிட்டியில் பெயர் மாற்றம்

கொழும்பில் இந்த வேலைக்குப் போக வேண்டிய இடம் நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத் தலைமையகம். வெரஹெரவிலும் ஒரு பெரிய அலுவலகம் உண்டு. சாரதி லைசன் விஷயமென்றால் பெரும்பாலும் அங்கேதான். இரண்டையும் மாற்றிக்கொண்டு ஓட்டோக் காசைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர். போகுமுன் அழைத்து, எந்த அலுவலகம், முன்கூட்டி நேரம் பதிய வேண்டுமா, அன்றைய கட்டணம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். இவை அடிக்கடி மாறும்.

கொண்டு போக வேண்டியவை: பதிவுச் சான்றிதழின் மூலம், ஒப்பமிட்ட எம்டிஏ 6, எம்டிஏ 8, இருவரின் அடையாள அட்டைப் பிரதிகள், நடப்பு லைசனின் பிரதி. லீசிங் இருந்திருந்தால் கம்பனியின் கடிதம். எல்லாவற்றிலும் இரண்டு பிரதி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போன பிறகு கொப்பிக் கடைக்கு ஓடுவதில் அரை நாள் போய்விடும்.

வாசலிலேயே "மல்லி (தம்பி), என்ன வேலை?" என்று கேட்டுக்கொண்டு புரோக்கர்கள் வருவார்கள். பேப்பர் ஒழுங்காக இருந்தால் அவர்கள் செய்யப் போவதும் நீங்கள் நிற்கப் போகிற அதே வரிசையில் நிற்பதுதான். பேப்பர் ஒழுங்காக இல்லாவிட்டால் அவர்கள் எப்படி அதை ஒழுங்காக்குகிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் இருப்பதே நல்லது. பின்னால் கேள்வி வந்தால் ஒப்பம் உங்களுடையது. சாதாரண சேவையும் ஒருநாள் சேவையும் உண்டு. அவசரமென்றால் கூடுதல் கட்டணம் கட்டி ஒருநாள் சேவையில் போடுங்கள், ரசீது கிடைக்கும். புரோக்கருக்குக் கொடுப்பதை விட அது எவ்வளவோ மேல்.

படிவங்களைத் தமிழில் கேட்டு வாங்கலாம். அது உங்கள் உரிமை, சங்கடப்பட ஒன்றுமில்லை. ஆனால் பெயரையும் முகவரியையும் உங்கள் ஆவணங்களில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலோடு ஒத்துப்போகிற மாதிரி எழுதுங்கள். சிவகுமாரின் முதல் எழுத்து ஒரு இடத்தில் எஸ், இன்னோர் இடத்தில் சி என்று நம் பெயர்கள் ஆங்கிலத்தில் படும் பாடு தெரிந்ததுதானே. பதிவுச் சான்றிதழில் ஒரு எழுத்து பிழைத்தால் அதைத் திருத்த மறுபடி முதலிலிருந்து நிற்க வேண்டும். அச்சடித்த சான்றிதழ் கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகருமுன் வாசித்துப் பாருங்கள்.

எஞ்சினைத் தயார் செய்தல்

மேல் மாகாணத்தில் 2008 இறுதியில் தொடங்கிய வாகனப் புகைப் பரிசோதனைத் திட்டம் இப்போது நாடு முழுவதும் உண்டு. கிளீன்கோ, லாஃப்ஸ் எக்கோ ஸ்ரீ என்ற இரண்டு நிறுவனங்களின் நிலையங்களில் பரிசோதனை நடக்கிறது. எந்த நிலையத்துக்கும் போகலாம். மின்சார வாகனத்துக்கு இது தேவையில்லை. ஹைபிரிட்டுக்குத் தேவை.

பெற்றோல் வாகனமென்றால் சைலன்சர் குழாய்க்குள் ஒரு கருவியை விட்டு, எஞ்சின் சும்மா ஓடும்போதும், நிமிடத்துக்கு ஏறத்தாழ 2500 சுற்றில் ஓடும்போதும் இரண்டு அளவு எடுப்பார்கள். ஒன்று கார்பன் மொனொக்சைட், சதவீதத்தில். மற்றது ஹைட்ரோகார்பன், அதாவது எரியாமல் வெளியேறும் பெற்றோல், பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கில். டீசலென்றால் பெடலை முழுதாக மிதித்து எஞ்சினை உச்சச் சுற்றுக்குக் கொண்டு போய் விடுவார்கள். இதைச் சில தடவை செய்வார்கள். அப்போது வரும் புகை எவ்வளவு கறுப்பு என்பதை ஒளியால் அளப்பார்கள்.

பெற்றோல் வாகனத்தில் எடுக்கும் அந்த இரண்டு அளவும் என்ன சொல்கின்றன என்று தெரிந்துகொண்டால் கராஜில் பாதிக் காசு மிச்சம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கார்பன் மொனொக்சைட் கூடினால் எஞ்சினுக்குள் பெற்றோல் அதிகம், காற்றுக் குறைவு. முதலில் எயார் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவாவிட்டால் புதிது போடுங்கள். மலிவான சாமான், பலருடைய பிரச்சினை இதோடே தீர்ந்துவிடும். அடுத்து காபரேட்டர். சோக் முழுதாகத் திறக்கிறதா, ஃபுளோட் மட்டம் சரியா, ஐட்லிங் ஸ்குரூவை யாராவது திருகிவிட்டார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். சும்மா ஓடும்போது மட்டும் அளவு கூடி, 2500இல் சரியாக இருந்தால் குற்றம் பெரும்பாலும் ஐட்லிங் பக்கம்தான். இரண்டிலும் கூடினால் ஃபில்டர், சோக், ஃபுளோட்.

காபரேட்டர் இல்லாத, இன்ஜெக்ஷன் வாகனங்களில் இங்கே ஒரு உள்ளூர் வழக்கம் சேர்ந்துகொள்கிறது. நம் நாட்டு வெயிலுக்கு தேர்மோஸ்டாட் தேவையில்லை என்று சொல்லி அதைக் கழற்றி எறிகிற பாஸ்மார் (மெக்கானிக்குகள்) நிறையப் பேர். கழற்றினால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமெடுக்கும். எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று கணினி நினைத்துக்கொண்டு பெற்றோலை அள்ளிக் கொட்டும். பரிசோதனையிலும் தவறும், பெற்றோலும் குடிக்கும். உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் உங்கள் மொடலுக்கான தேர்மோஸ்டாட் கிடைக்கும். திரும்பப் போடுங்கள். ஒட்சிசன் சென்சர் வேலை செய்யாவிட்டாலும் இதே விளைவுதான்.

அப்புறம் சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தமாக்கும் கட்டலிட்டிக் கொன்வேர்ட்டர். உள்ளே விலை உயர்ந்த உலோகம் இருப்பதால் அதை வெட்டி விற்று, வெற்றுக் குழாய் வைத்து வெல்டிங் பண்ணிய வாகனங்கள் கொழும்பில் ஏராளம். வாங்குமுன் வாகனத்துக்கு அடியில் குனிந்து ஒருதரம் பாருங்கள்.

ஹைட்ரோகார்பன் கூடினால் பெற்றோல் உள்ளே போகிறது, எரியவில்லை. பிளக், பிளக் வயர், டிஸ்ரிபியூட்டர் மூடி, பழைய வாகனமென்றால் பொயின்ட் இடைவெளி, டைமிங் இவற்றைப் பாருங்கள். கார்பன் மொனொக்சைட் குறைவாகவும் ஹைட்ரோகார்பன் மட்டும் கூடியும் இருந்தால் எங்கோ வெற்றிடக் குழாய் வெடித்துக் காற்று இழுக்கிறது என்று சந்தேகிக்கலாம். இவையெல்லாம் சரியாக இருந்தும் கூடினால் வால்வு, ரிங் என்று பெரிய வேலை. அதற்கு முன் கொம்பிரஷன் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்காமல் எஞ்சினை இறக்க விட வேண்டாம்.

பாஸிடம் "டெஸ்ட் பாஸ் பண்ற மாதிரி செய்து தாங்க" என்று சொன்னால் அவர் ஸ்குரூவை இறுக்கி, எஞ்சின் மூச்சுவிடத் திணறுகிற மாதிரி ஆக்கித் தருவார். பரிசோதனை முடிந்த கையோடு திரும்பத் திருப்பச் சொல்லி நீங்கள் வருவீர்கள் என்பதும் அவருக்குத் தெரியும். "ஐட்லிங்கில் கார்பன் மொனொக்சைட் கூடுது, ரெண்டாயிரத்து ஐந்நூறில் சரியா இருக்கு, காபரேட்டரைக் கழுவிப் பாருங்க அண்ணே" என்று சொல்லிப் பாருங்கள். பேச்சும் வேறு, பில்லும் வேறு.

டீசலில் கறுப்புப் புகை வந்தால் எயார் ஃபில்டர், டீசல் ஃபில்டர், நொசல், பம்ப் என்ற வரிசையில் போங்கள். நொசலையும் பம்பையும் சாதாரண கராஜில் தொட விடாதீர்கள். பம்ப் ரூம் என்று தனியாக இருக்கிறது; அங்கே நொசலைக் கழற்றி மெஷினில் வைத்து அமுக்கத்தையும் தெளிப்பையும் பார்ப்பார்கள். ஒழுகுகிற ஒரு நொசல் போதும், முழு வாகனமும் கறுப்பாகப் புகைக்கும். நீலப் புகை என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறதா என்று பாருங்கள்.

டைமிங் பெல்ட்டை மறக்காதீர்கள். பரிசோதனையில் பெடலை முழுதாக மிதிப்பார்கள் என்று சொன்னேன். கடைசியாக எப்போது மாற்றியது என்று தெரியாத பெல்ட்டோடு அதற்குப் போனால், பெல்ட் அறுந்து வால்வும் பிஸ்டனும் மோதலாம். பரிசோதனைக் கட்டணம் ஒரு பக்கம், எஞ்சின் விலை இன்னொரு பக்கம். ஒயில் மட்டமும் பாருங்கள். குறைவாக இருந்தால் ஆபத்து, கூடுதலாக இருந்தால் புகை.

டீசலில் மண்ணெண்ணெய் கலந்தால் புகை குறையும் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். கொஞ்சம் குறையவும் கூடும். ஆனால் டீசல் பம்ப் உள்ளே வழுக்குவதே டீசலால்தான். மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு இல்லை. ஒரு சான்றிதழுக்காகப் பம்பைத் தேய்க்க வேண்டாம்.

பழைய இரண்டு ஸ்ட்ரோக் ஓட்டோ வைத்திருப்பவர்களுக்கு: 2008உடன் அந்த வகை இறக்குமதி நின்றுவிட்டது, ஓடிக்கொண்டிருப்பவை எல்லாமே வயதானவை. பெற்றோலோடு சேர்க்கும் டூட்டி (2T) ஒயிலைக் கண்ணளவில் ஊற்றாமல் அளந்து கலக்க வேண்டும். சைலன்சருக்குள் ஒட்டியிருக்கும் கரியை எடுக்க வேண்டும். இந்த இரண்டும் செய்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

பரிசோதனைக்குப் போகிற நாள்

எஞ்சின் நல்ல சூட்டில் இருக்க வேண்டும். வெள்ளவத்தையிலிருந்து பக்கத்துத் தெருவில் உள்ள நிலையத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் சூடாகாது. காலையில் வாகன நெரிசல் தொடங்குமுன் மரைன் டிரைவ் வழியே கொள்ளுப்பிட்டி வரை போய்த் திரும்புங்கள். கொழும்பின் ஊர்ந்து போகிற ஓட்டத்தில் பிளக்கிலும் சைலன்சரிலும் கரி சேர்ந்திருக்கும். ஒரே சீராகக் கொஞ்ச நேரம் ஓடினால் அதில் ஒரு பகுதி போய்விடும். கோல் ரோட் என்கிற காலி வீதியின் நெரிசலில் அரை மணி நேரம் நின்று கொதித்த வாகனத்தை நேரே பரிசோதனைக்கு விடுவதுதான் மோசம்.

சைலன்சரில் ஓட்டை இருந்தால் முன்னாலேயே அடைத்துவிடுங்கள். ஓட்டை வழியே வெளிக்காற்றுக் கலந்தால் அளவு நம்பத்தகுந்ததாக வராது, திருப்பி அனுப்புவார்கள். ஏசியை நிறுத்திவிடுங்கள். பதிவுச் சான்றிதழின் பிரதி, பழைய லைசன், பழைய புகைச் சான்றிதழ் இருந்தால் அதுவும் கையில் இருக்கட்டும். மாத இறுதியிலும் விடுமுறைக்கு முந்திய நாளிலும் கூட்டம் அதிகமாக இருக்கும்.

பெறுபேற்றுத் தாளைச் சித்தியடைந்தாலும் வீசாதீர்கள். இலக்கங்களை வருடா வருடம் ஒப்பிட்டுப் பாருங்கள். சித்தியடைந்திருந்தாலும் ஹைட்ரோகார்பன் போன வருடத்தை விட நன்றாக ஏறியிருந்தால் எஞ்சின் ஏதோ கேட்கிறது. இவ்வளவு மலிவாக எஞ்சினின் உள் நிலையைச் சொல்கிற வேறு தாள் எதுவும் உங்களுக்குக் கிடைக்காது.

சித்தியடையாவிட்டால் அந்தத் தாளை அப்படியே கராஜுக்குக் கொண்டு போங்கள். எந்த இலக்கம், எந்தச் சுற்றில் தவறியது என்று பார்த்து மேலே சொன்ன வரிசையில் தொடங்குங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றாமல் ஒன்றொன்றாகப் பாருங்கள். மறுபரிசோதனைக்கு எவ்வளவு கட்டணம், எத்தனை நாளுக்குள் வர வேண்டும் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். "காசு கொடுத்தால் சான்றிதழ் வரும்" என்கிற ஆள் ஒருவர் எப்போதும் அருகில் நிற்பார். வீதியிலும் புகைப் பரிசோதனை நடக்கிறது. அங்கே கருவியை வைத்தால் உங்கள் சான்றிதழ் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

காப்புறுதி, அப்புறம் லைசன்

காப்புறுதியில் குறைந்தபட்சம் மூன்றாம் தரப்பு கட்டாயம். பழைய வாகனத்துக்கு முழுக் காப்புறுதி கொடுக்கச் சில கம்பனிகள் தயங்கும் அல்லது வாகனத்தைப் பார்த்துப் பெறுமதி குறைத்துப் போடும். மூன்றாம் தரப்பு எடுத்தாலும் காப்புறுதியில் உள்ள செசி நம்பர் சரியா என்று பாருங்கள். தட்டச்சுப் பிழை ஒன்று போதும், லைசன் எடுக்கும்போது திருப்பி அனுப்ப.

லைசனைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக்காரருக்கு திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம், கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கமென்றால் கொழும்புப் பிரதேச செயலகம், தெஹிவளைக்குத் தெஹிவளை. இணையத்திலும் புதுப்பிக்கலாம், காப்புறுதியும் புகைச் சான்றிதழும் அங்கேயே சரிபார்க்கப்படும். புதிதாக வந்தவர்களுக்கு என் யோசனை: முதல் வருடம் நேரில் போங்கள். பழைய வாகனத்தின் பதிவில் ஏதாவது முரண் இருந்தால் கவுண்டரில் உள்ளவர் என்ன குறை என்று சொல்லுவார். இணையத்தில் வெறுமனே ஏற்காமல் நிற்கும். எல்லாம் சுத்தமானபின் அடுத்த வருடத்திலிருந்து வீட்டில் இருந்தே எடுங்கள்.

லொறி, பஸ் போன்ற வாகனங்களுக்கு இவற்றோடு தகுதிச் சான்றிதழும் வேண்டும். தனியார் காருக்கு வேண்டாம்.

பல வருடம் ஓடாமல் நின்ற வாகனம் வாங்குகிறீர்கள் என்றால் நிலுவையைப் பற்றிக் கேளுங்கள். வாகனம் பாவனையில் இல்லை என்று சொந்தக்காரர் முறையாக அறிவித்திருந்தால் ஒரு கணக்கு, அறிவிக்காமல் சும்மா நிறுத்தி வைத்திருந்தால் இன்னொரு கணக்கு. அறிவிக்காதவருக்கு விடுபட்ட வருடங்களின் கட்டணமும் தண்டமும் ஏறியிருக்கும். பிரதேச செயலகத்தில் இலக்கத்தைக் கொடுத்துத் தொகையைக் கேட்டுக்கொண்டு, அதை விலையில் கழித்துப் பேசுங்கள். மரத்தடியில் நின்ற வாகனம் மலிவு என்று எடுத்துவிட்டு, நிலுவையைப் பார்த்து மலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

லைசன் முடியும் திகதிக்கு மூன்று வாரம் முன்னால் புகைப் பரிசோதனைக்குப் போங்கள். தவறினால் கராஜுக்கும் மறுபரிசோதனைக்கும் நேரம் இருக்கும். பெயர் மாற்றம் அதே நேரத்தில் நடந்துகொண்டிருந்தால் பதிவுச் சான்றிதழின் மூலம் திணைக்களத்தில் இருக்கும். அவர்கள் தரும் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள், கேட்கிற இடத்தில் காட்ட அதுதான் இருக்கும்.

புதிய லைசனை முன் கண்ணாடியின் இடது பக்கம் ஒட்டுங்கள், பழையதைக் கிழித்துவிடுங்கள். வாகனத்துக்குள் பதிவுச் சான்றிதழின் பிரதி மட்டும் இருக்கட்டும். மூலத்தை வீட்டில் வையுங்கள். வாகனம் களவு போகிற அன்று புத்தகமும் சேர்ந்து போனால் பொலிஸ் முறைப்பாடு, இரண்டாம் பிரதிக்கு விண்ணப்பம் என்று மறுபடி நாரஹேன்பிட்டிக்குத்தான் போக வேண்டும்.